கேத்தன் பூசிக்கொண்ட யானைச் சாணம்

மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினால் வில்லைத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மலையில் அதுதான் வழக்கம். அதன்பிறகு தினைக்காட்டில் கிளி ஓட்டலாம்.

கேத்தனுக்கு வயது ஐம்பது. இரண்டு முறை திரும்பியாகிவிட்டது. தினைக்காட்டில் அவனுக்கென்று ஒரு பரணைக்கூடக் கட்டிவிட்டார்கள்.

அவனுக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த மருதி அவனைவிடப் பதினைந்து வயது இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

உடம்பு வாடை மானுக்குத் தெரியாமலிருக்க, முதல் முறை சாம்பல் பூசிக்கொண்டு போனான். மான் ஓடியது. அடுத்த முறை காட்டுத்துளசியை அரைத்துப் பூசினான். மான் இன்னும் தூரத்திலேயே ஓடியது. இன்று யானைச் சாணம். பாவம், காதைக்கூட விட்டுவைக்கவில்லை.

"இது போதுமா தாயி?"

எதிர்ச்சரிவில் ஒரு புள்ளிமான் மேய்ந்துகொண்டிருந்தது. மருதி இடுப்புப் பையிலிருந்து ஒரு சிட்டிகை சாம்பலை எடுத்துக் காற்றில் விட்டாள். அது நேரே மான் இருந்த பக்கம் பறந்தது. அவள் திரும்பி வந்த வழியே நடந்தாள்.

"மான் அங்க நிக்குது. நாம எங்க போறோம்?"

"நடங்க அண்ணே."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடையில் இறங்கி, பாறை ஏறி, மலையையே சுற்றினார்கள். உச்சி வெயில். சாணமெல்லாம் வேர்வையில் ஒழுகிப் போனது. மருதி அவனை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள்.

மறுபக்கத்துப் புதருக்கு வந்தபோது, முப்பது அடியில் அதே மான். மருதி மறுபடி சாம்பலை விட்டாள். அது கேத்தன் முகத்திலேயே வந்து விழுந்தது. கண் கரித்தது. அவன் எடுத்திருந்த மெல்லிய அம்பை வாங்கிக்கொண்டு கனத்த அம்பு ஒன்றைக் கொடுத்தாள். அது ஏன் என்றும் புரியவில்லை.

"பூசினதெல்லாம் போச்சு தாயி. நாறுறேன்," என்று கிசுகிசுத்தான். அழுகையே வந்துவிட்டது. "இது மூணாவது தடவை."

"அம்பை விடுங்க."

மான் தலையைத் தூக்கவே இல்லை. எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போய் அம்பு தைத்தது.

மானைக் கம்பில் கட்டும்போதும் அவனுக்குக் குழப்பம் தீரவில்லை. சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

"இவ்வளவு நாறியும் அதுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

காற்று இன்னும் அவன் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. மருதி கம்பின் முன்முனைக்குப் போய்த் தோள் கொடுத்தாள்.

"அது முன்னாடி நின்னுச்சு அண்ணே. காத்து உங்க நாத்தத்தைப் பின்னாடிதான் கொண்டுபோச்சு. பின்னாடி வந்தவளைக் கேளுங்க, சொல்றேன்."