அடியேன் நடந்த தேரோட்டம்

முன்னொரு காலத்தில், தேர் வடத்தை ராஜாவே முதலில் தொட்டு இழுத்த அந்த நல்ல நாளில், மருதங்காட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில். தேருக்கு முதல் நாள் சதுரங்கத்தில் தோற்ற ஆத்திரத்தில் கல்தூணை ஓர் உதை உதைத்தார். தூண் அப்படியே நின்றது. பாதம் வீங்கி நீலம் பாரித்தது.

அவை அதிகாரி பைரவலிங்கத்துக்கு மந்திரி பதவி மேல் நெடுநாளாகக் கண். "அடியேன் சொல்கிறேன் மகாராஜா, இது வெறும் சுளுக்கு. எண்ணெய் விட்டு உருவினால் நாளை நான்கு வீதியும் நடக்கலாம்!" என்றார்.

மந்திரி மாசாத்தர் பாதத்தை மெல்லத் தொட்டார். ராஜா அலறினார்.

"உருவவே கூடாது, அரசே. விரலுக்குப் போகும் எலும்பு முறிந்திருக்கிறது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, தலையணை மேல் உயர்த்திவைக்க வேண்டும். எலும்பு கூடுவதற்குள் ஊன்றினால் ஆயுசுக்கும் நொண்டல்தான்."

"தேருக்கு வராதவன் ராஜாவா? என் பாதம் தேர்வீதியில் நடந்தே ஆகவேண்டும்! காலும் கெடக்கூடாது. வழி சொல்லும். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் பைரவலிங்கத்துக்கு!"

பைரவலிங்கம் மோதிர விரலை நீவிக்கொண்டார். மாசாத்தர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, வாய் திறந்தால் 'அடியேன்' என்கிறீரே, யாருடைய அடி?"

"இதென்ன கேள்வி! மகாராஜாவின் அடியே நான்தான். இந்த அவையில் வேறு எவனுக்கு அந்த உரிமை?"

"கேட்டீர்களா அரசே? தங்களுக்கு முறியாத அடி ஒன்று இருக்கிறது. முறிந்தது படுக்கட்டும், இது நடக்கட்டும்."

அவை கொல்லென்று சிரித்தது. ராஜாவும்தான்.

மறுநாள் சித்திரை வெயில். "ராஜா பாதம் வருது!" என்று பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, பைரவலிங்கத்தின் வெறுங்காலில் மஞ்சள் பூசினார்கள். கீழவீதி முடிவதற்குள் கொப்புளம். "அடியே..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "நான் கொஞ்சம் உட்காரட்டுமா?" என்றார்.

"பாதம் எங்கேயாவது உட்காருமா, சாமி? நடங்க!" என்றாள் பூக்காரி.

மாடத்தில் ராஜா கட்டுப்போட்ட காலை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார். தேர் தெரிந்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"மாசாத்தரே, பட்டம் கட்டிய நாளாக நான் கண்டதெல்லாம் வடம்தான். தேரை முழுசாகப் பார்த்தது அம்மா இடுப்பில் இருந்தபோது. இதே மாடம். மூலை திரும்பும்போது, 'சாமி தலையாட்டுது பாரு கண்ணா' என்பாள்."

தேர் தலையாட்டியபடி மூலை திரும்பியது.

மோதிரம் மாசாத்தர் விரலிலேயே இருந்தது. கூடவே ஒரு முத்துமாலையும் வந்தது. பைரவலிங்கத்துக்கு ராஜா ஒரு கிண்ணம் எண்ணெய் அனுப்பினார், உருவிக்கொள்ளச் சொல்லி.

ஆடிக்காற்று வீசியபோது எலும்பு கூடிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தேருக்கும் ராஜா வடத்தைத் தொட்டுக் கொடுத்துவிட்டு, தேர் மூலை திரும்புவதற்குள் மாடத்துக்கு ஓடிவிடுவார்.