வாளியின் தீர்ப்பு

ஒரு காலத்தில், காலைப் பனி கலையாத பந்தயத் தடம் ஒன்றின் ஓரம், தகரக் கொட்டகையில் ஓர் எஞ்சின் இருந்தாள். காற்றை ஊதித் திணிக்கும் டர்போ பூட்டியதிலிருந்து அவளுக்கு அசுரப் பசி.

போன பந்தயத்தின் நீண்ட நேர்ப்பாதையில், உச்ச வேகத்தில் பெட்ரோல் போதாமல் சூடேறி ஒரு பிஸ்டன் உருகிப்போனது. புதியது போட்டாயிற்று. இன்னொரு முறை உருகினால் காயலான் கடைதான்.

"அந்தச் சின்ன பம்ப் நல்லவன்னு சொன்னது நீதானே?" என்று, பெட்ரோல் பம்புகளை ஓடவிட்டுச் சோதிக்கும் வாளியைக் கேட்டாள்.

"என்னைச் சட்டுனு நிரப்பினானே! சரி விடு, இந்தப் பெரியவனைப் பாரு."

பெரிய பம்ப் ஒரே உறுமலில் வாளியை வழியவிட்டான். கொட்டகையே சொக்கிப்போனது. மெக்கானிக் எட்வின் அவனையே டாங்கில் இறக்கினான்.

பயிற்சி ஓட்டம் தொடங்குமுன் அவள் நின்ற இடத்தில் மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஒரு மிடறே அதிகம்.

"சாப்பிடு தாயி, சாப்பிடு!" என்று பெரியவன் கொட்டினான்.

குழாயில் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மாமா, இலைக்குக் குறுக்கே கை நீட்டுவதுபோல மறித்தார். "போதும்யா, அவ வாயா இது, கிணறா?"

மிச்சத்தை டாங்குக்கே திருப்பிவிட்டார். திரும்பியதைப் பெரியவன் மறுபடி தள்ளினான். சுற்றிச் சுற்றிப் பெட்ரோல் சூடேறியது. கொதிக்கும் உலைபோலக் குமிழ் விட்டது. அவளுக்குக் கிடைத்தது வெறும் ஆவி. இருமிக்கொண்டே நின்றுபோனாள்.

"அவன் கொடுக்காம பட்டினி போட்டான். இவன் திணிச்சே பட்டினி போடுறான்," என்று பொருமினாள்.

அலமாரியிலிருந்த நடுத்தர பம்ப் கேட்டான்: "அக்கா, உனக்கு எப்போ ரொம்பப் பசிக்கும்?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவள் நேர்ப்பாதையை நினைத்துக்கொண்டாள். "டர்போ முழு மூச்சா ஊதுறப்போ. அப்போ குழாயில அழுத்தமும் ஏறிடும். அதை முட்டித் தள்ளித்தான் ஊட்டணும், தம்பி."

"அப்படின்னா அந்த அழுத்தத்துல என்னை அளக்கச் சொல்லு. வாளியில வேண்டாம்."

எட்வினுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ, குழாய் முனையை இறுக்கி, அழுத்தமானி மாட்டி ஒவ்வொருவராக ஓட்டிப் பார்த்தான். சின்னவன் சொட்டுச் சொட்டாகத்தான் தந்தான். பெரியவன் அப்போதும் தேவைக்குமேல் கொட்டினான். நடுத்தரன் அவளுடைய உச்சப் பசிக்குமேல் ஒரு கை கூடுதலாகத் தந்தான்.

"பெரியவன் ஊத்துனதுல பாதி வராது," என்று வாளி உதட்டைப் பிதுக்கியது. எட்வின் நடுத்தரனையே டாங்கில் இறக்கினான்.

பந்தயத்தன்று, பனிக்குள்ளிருந்து நேர்ப்பாதை நதிபோல விரிந்து வந்தது. போன முறை உருகிய அதே இடம். அவள் நெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் குளிர்ந்து வந்தது, இன்னும் வந்தது. பாதை முடிந்தபோதுதான், தான் பாடிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

கொட்டகையில் வாளி இன்னும் பெரியவனைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறது. பாவம், அது ஒருநாளும் ஓடியதில்லை.