மாப்பிள்ளைக்கு இரவல் குரல்

காலை பத்தே காலுக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கேமராவில் தெரிந்தவன் ஹேமந்த் மட்டும். வெளிநாட்டுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியர்களை அனுப்பும் ஏஜென்சி முதலாளி கோதண்டராமனின் மாப்பிள்ளை அவன். பின்லாந்து கம்பெனியின் இன்டர்வியூவில் அவன் வாயை மட்டும் அசைப்பான். மேஜைக்கடியில் உட்கார்ந்து இசக்கிமுத்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக் குரல் கொடுத்தே பலரை விமானம் ஏற்றியவன் இசக்கிமுத்து. அவன் மட்டும் போக முடியவில்லை. அவன் சர்டிபிகேட்டுகளை முதலாளி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

“போன தடவை நடுவுல திக்கிட்டே. இன்னிக்கு என்ன ஆனாலும் பேச்சை நிறுத்தக் கூடாது, புரியுதாடா?” என்றார் பக்கத்தில் நின்ற கோதண்டராமன்.

“சரிங்க சார்.”

இன்டர்வியூ அமர்க்களமாகப் போனது. கேள்வி கேட்ட அம்மாள் பதிலுக்குப் பதில் தலையாட்டினார். நடுவில், “ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்” என்றது குரல். ஹேமந்த் திடுக்கிட்டுப் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தான். குரல் நிற்காமல் அடுத்த பதிலுக்குப் போனது.

அந்த அம்மாள் தலையாட்டுவதை நிறுத்தினார். “தண்ணீர் குடித்துக்கொண்டே எப்படிப் பேசுகிறீர்கள்?”

“பழக்கம்தான் மேடம்.”

ஹேமந்துக்குப் புரையேறியது. கோதண்டராமனுக்கு முகம் வெளுத்தது.

“பேசுவது யார்?”

இசக்கிமுத்து மேஜைக்கடியிலிருந்து எழுந்தான். “நான்தான் மேடம்.”

“உங்கள் சான்றிதழ்கள்?”

“இவர் பீரோவில் இருக்கின்றன மேடம்.”

கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கோதண்டராமன் பீரோவைத் திறந்தார். “ஏண்டா இப்படிப் பண்ணினே?” என்று பல்லைக் கடித்தார்.

“நீங்கதானே சார் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க?”

அடுத்த வாரம் அவனுக்கே தனியாக இன்டர்வியூ நடந்தது. 2022 நவம்பர் 7ஆம் தேதி இசக்கிமுத்து ஹெல்சிங்கியில் வேலைக்குச் சேர்ந்தான்.