எந்த நைஸு?

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி புங்கமேடுன்னு ஒரு சீமை. அதை ஆண்டவரு கட்டாரி பூபதி ராசா. நல்ல மனுசன்தான். ஆனா காலையில ஒண்ணு புடிக்கும், சாயந்திரம் அதுவே சட்டமாயிடும். போன மாசம் கோழி கூவுறது புடிக்கலன்னு ஊர்க் கோழிய எல்லாம் பக்கத்துச் சீமைக்கு அனுப்பினவரு. மறுவாரம் குழம்புக்குக் கோழி இல்லன்னு அழுதவரும் அவருதான்.

இந்த ராசாவ வச்சு மேய்க்கிற வேலை மந்திரி மயிலேறியோடது. அன்னைக்கு அவனுக்கு ஒரே கவலை. பெரிய ஏரிக் கரையில விரிசல். மழை வர்றதுக்குள்ள அடைக்கலன்னா ஊர் மெதக்கும். ஊர் ஆளுங்கள கரைக்கு அனுப்ப ராசா வாயால உத்தரவு வரணும்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரை விருந்துக்கு வந்துட்டாரு. முறுக்கு தின்னாரு, "நைஸ்"ன்னாரு. ராசா மீசையப் பார்த்தாரு, "நைஸ்". அவரோட எடுபிடி வழுக்கிக் குளத்துல விழுந்து தாமரை இலையோட எழுந்திரிச்சான். துரை அதுக்கும் "நைஸ்".

ராசாவுக்குப் புரியல. துரை பேச்ச மொழிபெயர்க்கிற துபாஷி ரங்கோசிய கேட்டாரு. "என்னப்பா, முறுக்குக்கும் மீசைக்கும் ஒரே சொல்லா?"

"ஆமா மகராசா. முறுக்குக்குச் சொன்னா ருசி. மீசைக்குச் சொன்னா கம்பீரம். குளத்துல விழுந்தவனுக்குச் சொன்னா நக்கல். ஆள் தங்கமானவன்னாலும் அதான், வெயில் எதமா இருக்குன்னாலும் அதான்."

"அடேங்கப்பா. நாம எத்தன சொல்லத் தண்டமா வச்சுக்கிட்டு இருக்கோம்."

ரங்கோசி எடுத்துக் கொடுக்க, விருந்து முடியறதுக்குள்ள சட்டம் வந்துடுச்சு. சபையில எது எப்படி இருக்குன்னு ராசா கேட்டாலும் பதில் 'நைஸ்'. வேற சொன்னவன் தலைப்பாகை இறங்கும். அந்த அரண்மனையில தலைப்பாகை இறங்கினா வேலை போச்சுன்னு அர்த்தம். ரங்கோசி மயிலேறி தலையவே பார்த்துக்கிட்டு இருந்தான். அந்தத் தலைப்பாகை மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு.

மறுநாள் சபையில கரைக்காவலன் செம்புலி வந்து நின்னான்.

"கரை எப்படி இருக்கு?"ன்னாரு ராசா.

செம்புலி வாயத் திறந்தான். ரங்கோசியப் பார்த்தான். தன் தலைப்பாகையத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். "நைஸ், மகராசா."

"பலே. அடுத்தது?"

மயிலேறிக்கு விரிசல் விஷயம் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா சொன்னா தலைப்பாகை ரங்கோசிக்குப் போகும். அவன் கரையப் பத்திப் பேசுறவன் இல்ல, கரை எந்தப் பக்கம்னே தெரியாதவன். அதனால மந்திரி சிரிச்சுக்கிட்டே எழுந்தான்.

"மகராசா, இவ்வளவு அருமையான சட்டத்த சபையோட நிறுத்தலாமா? குளியலறை, சமையல்கட்டு, யானைக்கொட்டில் எல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதானே. எல்லாத்துக்கும் போடு."

ரங்கோசிக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனா தன் சட்டத்துக்குத் தானே எப்படிக் குறுக்க நிக்கிறது?

சனிக்கிழமை. ராசா உடம்பெல்லாம் எண்ணெயோட அண்டா முன்னாடி நின்னாரு. "வெந்நீர் எப்படி இருக்கு?"

"நைஸ்"ன்னான் வெந்நீர்க்காரன்.

ராசா கால வச்சாரு. அப்புறம் அரண்மனை மாடத்துல ஒரு புறாவும் இல்ல. அவர் போட்ட சத்தம் அப்படி.

மத்தியானம் ரசம். "எப்படி?" "நைஸ்." ஒரு வாய் குடிச்சாரு. உப்பு தூக்கின தூக்குல கண்ணு ரெண்டும் வெளிய வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. வெளிய ஒண்ணும் சொல்ல முடியல, அவர் போட்ட சட்டமாச்சே.

சாயந்திரம் யானைச் சவாரி. காலுல களிம்பு, நாக்குல வெண்ணெய். நொண்டிக்கிட்டே வந்த ராசா, ஏற ஒரு காலத் தூக்கிட்டு அப்படியே நின்னுட்டாரு.

"பாகா, யானை எப்படி இருக்கு?"

"நைஸ், மகராசா."

"எந்த நைஸுடா? வெந்நீர் நைஸா, முறுக்கு நைஸா?"

பாகன் கையக் கட்டிக்கிட்டான். "நைஸ்தான், மகராசா."

மயிலேறி முன்னாடி வந்தான். "எதுக்கு மகராசா யோசனை? இந்தச் சொல்லோட வீடு வாசல் தெரிஞ்சவரு நம்ம துபாஷி. மொதல்ல அவரு ஏறட்டும்."

"ஏறுய்யா"ன்னாரு ராசா.

ரங்கோசி முகம் வெளிறிப் போச்சு. மெதுவா பாகன் காதுக்கிட்ட போனான். "யோவ், என்கிட்ட மட்டும் சொல்லு. சாதுவா, முரடா?"

"என்ன துபாஷி, காதுல?"ன்னான் மயிலேறி. "நைஸ்னு சொல்லியாச்சுல்ல."

"உயிர் போற விஷயம்யா. அந்த ஒத்தச் சொல்ல வச்சுக்கிட்டு என்னத்தத் தெரிஞ்சுக்கிறது?"

சொன்னதுக்கப்புறம்தான் ராசா பக்கத்துல நிக்கிறது ஞாபகம் வந்துச்சு அவனுக்கு. யானை பாட்டுக்கு ஒரு கரும்பை எடுத்து, பாகன் முதுகுல செல்லமா ஒரு தட்டு தட்டுச்சு. அது பச்சைப் புள்ள மாதிரி சாது. மயிலேறிக்கு அது காலையிலேயே தெரியும்.

ராசா ரங்கோசியப் பார்த்தாரு. வெந்த காலப் பார்த்தாரு. அப்புறம் மயிலேறியப் பார்த்தாரு.

"மந்திரி, நீ எங்கிட்ட என்னமோ சொல்ல வர்ற."

"நான் சொன்னா தலைப்பாகை இறங்கும் மகராசா. செம்புலிய ஒரு கேள்வி கேளுங்க, போதும்."

செம்புலி ஓடி வந்தான். ராசா கேட்டாரு, "கரை நைஸ்னு சொன்னியே. எந்த நைஸ்?"

"நீங்க கால வச்ச நைஸ், மகராசா."

ராசா அங்கயே உத்தரவு போட்டாரு. ஊரே மண்வெட்டியோட கரைக்கு ஓடுச்சு. ராசாவும் நொண்டிக்கிட்டே ஒரு கூடை மண்ணு தூக்கினாரு. அடைச்சு முடிச்ச மறுநாளே மழை பொத்துக்கிட்டு ஊத்துச்சு. கரை அசையல.

சபை கூடுச்சு. ராசா தன் பட்டுச் சால்வைய மயிலேறிக்குப் போர்த்தினாரு. "இனிமே எங்கிட்ட கசப்பக் கசப்புன்னு சொல்லு, வெடிப்ப வெடிப்புன்னு சொல்லு"ன்னாரு. சட்டம் போச்சு, எல்லாருக்கும் பழைய வார்த்தையெல்லாம் திரும்பக் கிடைச்சுச்சு.

ரங்கோசிக்கு மட்டும் கிடைக்கல. அவன் தலைப்பாகை இறங்கி, வெந்நீர் அண்டாக்கிட்ட வேலை. சனிக்கிழமை சனிக்கிழமை அவன்தான் மொதல்ல கால வைக்கணும்.

"எப்படி இருக்கு?"ம்பாரு ராசா.

"நைஸ், மகராசா"ம்பான்.

ராசா அந்தச் சொல்லக் காதுல வாங்கறதே இல்ல. அவன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் இறங்குவாரு.