மூணாவது வடைத்துண்டு

ஒரு ஊர்ல ஒரு செங்கமலம் இருந்தா. அவளுக்கு ரெண்டு வயசுல பவுனுன்னு ஒரு பொண்ணு, வீட்டுக்குப் பின்னால ஒரு பூசணித் தோட்டம். வேற யாரும் இல்ல. ம் கொட்டு, கொட்டலேன்னா இங்கயே நிறுத்திடுவேன்.

அப்போ ஒரு நாள் பூசணி இலையில பூச்சி விழுந்துச்சு. கரக் கரக்னு தின்னுது. செங்கமலம் ஓடினா, பூச்சிமருந்துக் கடைக்கு. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டப்பாவுல இன்செக்டிசைடுன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்னண்ணேன்னு கேட்டா. "சைடுன்னு முடிஞ்சா கொல்றதும்மா. யாரைக் கொல்றதுன்னு முன்னாடி இருக்கும். இது பூச்சிய"ன்னார். மருந்தடிக்கிற டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சா. பூச்சி செத்துச்சு. கூடவே தேனீயும் செத்துச்சு. பூ பூத்துச்சு, காய் பிடிக்கல.

ம்.

அப்புறம் பனி வந்துச்சு. இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா பூஞ்சாளம். அதே கடை, வேற டப்பா. இது ஃபங்கிசைடு. வாலு அதே வாலு, தலைதான் வேற. பூஞ்சாளத்தக் கொல்லுமாம். அடிச்சா, போச்சு. ஆனா டேங்கக் கழுவின தண்ணிய வாய்க்கால்ல ஊத்தினா பாரு, மீன்குஞ்செல்லாம் மல்லாந்து மிதந்துச்சு. எல்லாரும் அங்கதான் கழுவுவாங்க, இவளும் கழுவினா. எனக்கு அவ மேல அப்பவே கோவம்.

அப்புறம் எலி வந்துச்சு. வெதைக்கு வெச்சிருந்த பூசணி வெதையப் பூரா கொறிச்சுது. இந்தத் தடவ ரோடென்டிசைடு. எலியக் கொல்றதுதானேன்னு செங்கமலமே சொல்லிட்டா. கடைக்காரருக்கு ஒரே பெருமை.

மூணு வடைத்துண்டுல அதத் தடவினா. குதிருக்கு அடியில ஒண்ணு, அடுப்பு மூலையில ஒண்ணு, ஏணிகிட்ட ஒண்ணு. பவுனு தூளில தூங்குறா. இப்ப எங்க எழுந்திரிக்கப் போறான்னு செங்கமலம் கொடத்த எடுத்துக்கிட்டு தண்ணிக்குப் போயிட்டா.

திரும்பி வந்தா தூளி ஆடுது. உள்ள குழந்தை இல்ல.

கொடம் தொப்புன்னு விழுந்துச்சு. ஓடினா. குதிருக்கு அடியில வடை இருக்கு. அடுப்பு மூலையில இருக்கு. ஏணிகிட்ட இல்ல.

ம் சொல்லாத, பேசாம கேளு.

கட்டிலுக்கு அடியில சப்பு சப்புன்னு சத்தம். குனிஞ்சு பார்த்தா பவுனு எதையோ சப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. செங்கமலம் வெளிய இழுத்து வாய்க்குள்ள விரல விட்டா. வெல்லம். சமையல் டப்பாவ உருட்டி எடுத்த வெல்லம். ஆனா இடது கைய மூடி வெச்சிருக்கா, திறக்க மாட்டேங்குறா. ஒவ்வொரு விரலா பிரிச்சா.

வடைத்துண்டு. முழுசா இருக்கு. வெல்லம் தீரட்டும், அப்புறம் திங்கலாம்னு வெச்சிருந்திருக்கா.

செங்கமலம் அந்தக் கைய மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவினா, நர்சம்மாகிட்ட தூக்கிட்டு ஓடினா. நர்சம்மா வாயப் பார்த்து, கண்ணப் பார்த்து, ஒண்ணும் உள்ள போகலன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்துச்சு.

அப்புறம் வடைத்துண்டு மூணையும் மிச்ச மருந்தையும் கொண்டுபோய் கடை மேஜையில வெச்சா.

"தலையில யார் பேர எழுதினா என்னண்ணே, இதுக்குப் படிக்கத் தெரியாது"ன்னா.

வர்ற வழியில ஒரு பூனைக்குட்டியத் தூக்கிட்டு வந்தா. அதுக்கும் படிக்கத் தெரியாது. ஆனா எலிமேல மட்டும்தான் பாஞ்சுது. பவுனு அது வாலப் புடிச்சு இழுத்தாக்கூட மியாவ்னு நகந்து படுத்துக்கும்.

பூனை படுத்தாச்சு, பவுனு படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. உன் கையக் காட்டு, ரெண்டையும். சரி, இப்ப தூங்கு.