வைகாசியில் திறந்த கதவு

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு நிதானமாகத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரப்பட்டவர்கள் எல்லோரும் இதுவரை தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே ஓர் ஓடைக்கரையில் எங்கள் காடு இருக்கிறது. எங்கள் காடு என்றதும் பட்டா கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்து மண்வெட்டி பிடித்த கூட்டத்துக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. தொடக்கத்தில் அது வெறும் புதர். பக்கத்து நிலக்காரர் யாராவது ஒரு துண்டு கொடுத்தால், ஆடி மழைக்கு முன்னால் அதைச் சுற்றிக் கிளுவைக் குச்சிகளை நடுவோம். குச்சி தழைத்து வேலியாகிவிடும். பழைய வேலியை மட்டும் வெட்ட மாட்டோம், அது எங்கள் வழக்கம். அதனால் இன்று காட்டுக்குள் நடந்தால், வேலிக்குள் வேலியாக எங்கள் வயசு நிற்கிறது. முதல் வேலிக்குச் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தோம். அடுத்த வேலிக்கு வந்த எலுமிச்சைச் சோற்றில் உப்பே இல்லை. அப்படியும் தூக்குச்சட்டி காலியானது.

கடைசி வேலி, நாச்சிமுத்து கொடுத்த மேய்ச்சல் காட்டைச் சுற்றியது. அதன் நடுவில் ஒரு வெள்வேல மரம். அதனடியில்தான் அவர் மனைவி கண்ணம்மாளை அடக்கம் செய்திருந்தார். நிலத்தைக் கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நானோ எம்புள்ளையோ எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கோணும். அவ்வளவுதானுங்க."

எல்லோரும் சம்மதித்தோம். கதவுக்குப் பூட்டே கிடையாது, ஒரு கம்பி வளையம்தான்.

எங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. சித்திரையிலும் வைகாசியிலும் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். கூழாங்கல் எது, முட்டை எது என்று கண்ணுக்குத் தெரியாது. கால் வைத்தால் போச்சு. அந்த இரண்டு மாதமும் உள்ளே யாரும் போவதில்லை, நாங்கள் உட்பட. கண்ணம்மாளின் நினைவு நாளோ வைகாசியில்தான் வரும்.

நாச்சிமுத்து அந்த மாதங்களிலும் வருவார். கதவை விரியத் திறந்துவிட்டு, வெளியே தானே கொண்டுவந்து போட்ட பலகைக்கல்லில் உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்காட்டி கத்தினால் சிரிப்பார். "அவளுக்குப் பேச்சுத்தொணைக்கு ஆளிருக்குதுங்க" என்பார். கிளம்பும்போது கதவைச் சாத்தி வளையத்தை மாட்டிவிட்டுப் போவார்.

போன தை மாதம் அவர் காலமானார். அடுத்து வந்த சித்திரையில், படம் எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் உள்ளே புகுந்து முட்டைகளை மிதித்துவிட்டார்கள். எங்களில் ஒருவரான குப்புசாமி அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் கதவுக்குப் பூட்டுப் போட்டார். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று எங்கள் கூட்டத்துப் பால்வாடி டீச்சர் ரங்கநாயகியிடம்.

வைகாசியில் நாச்சிமுத்துவின் மகள் தங்கமணி வந்தாள். ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கையில் வாழையிலை, கூடையில் அம்மாவுக்குப் பிடித்த இனிப்புப் பலகாரம், கச்சாயம். அப்பா இருந்தவரை இந்த நாளை அவரே பார்த்துக்கொண்டார். இனி அவள் ஒருத்திதான். அம்மாவின் காலடிக்குப் போகாமல் திரும்பினால் அவளுக்கு ஆறாது என்று முகமே சொன்னது.

"முட்டை இருக்குது அம்மணி. மாசம் முடியட்டும், வா" என்றார் குப்புசாமி.

"அம்மாவோட நாளு இன்னைக்குத்தானுங்களே மாமா. அப்பாகிட்ட நீங்க எல்லாரும் சொன்ன சொல்லு என்னாச்சுங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாவியை மட்டும் எடுக்கவில்லை.

ரங்கநாயகி தன் சாவியைப் போட்டுக் கதவை விரியத் தள்ளினாள். "போ கண்ணு. உங்கப்பா கேட்ட கதவு இது."

"முட்டை ஒடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார் குப்புசாமி.

"சொல்றேனுங்க."

தங்கமணி ஓர் அடி எடுத்து வைத்தாள். ஆட்காட்டி கத்திக்கொண்டு எழுந்தது. அவள் நின்றாள். வாசலோரம் தேய்ந்து வழவழப்பாகக் கிடந்த கல்லைப் பார்த்தாள்.

"இந்தக் கல்லு?"

"உங்கப்பா போட்டது. இந்த ரெண்டு மாசமும் இதுலதான் உக்காந்திருப்பாரு" என்றாள் ரங்கநாயகி.

"உள்ள போக மாட்டாருங்களா?"

"ஒரு நாளும் போனதில்ல."

திறந்த வாசலில் அவள் வெகுநேரம் நின்றாள். மரம் நன்றாகத் தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. பிறகு பின்னால் வந்து, கல்லின்மேல் இலையை விரித்து, கச்சாயத்தை வைத்துக் கும்பிட்டாள். அழுது முடித்து, தானே எழுந்து கதவைச் சாத்தினாள்.

குப்புசாமி பூட்டிக் காத்தார். ரங்கநாயகி திறந்தாள். தங்கமணி போகாமல் திரும்பினாள். நாச்சிமுத்துவுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றியது இவர்களில் யார்?

விடை: பாதிப்பேர் தங்கமணி என்கிறார்கள். அவள் செய்தது பெரிய காரியம்தான், ஆனால் சொல் கொடுத்தவள் அவளல்ல. குப்புசாமியின் பூட்டு முட்டையைக் காத்தது. கூடவே, அவள் மனசார விட்டுக்கொடுக்க இருந்ததை முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டது. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறவர் எதை விட்டுக்கொடுக்க முடியும்? ஏமாந்து திரும்பத்தான் முடியும். ஒவ்வொரு வைகாசியும் தானாகவே உள்ளே போகாமல் இருப்பதற்குத்தான் நாச்சிமுத்து கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். அந்த உரிமையையே மகளுக்கும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே சொல்லைக் காப்பாற்றியவள் ரங்கநாயகி. குப்புசாமி இதில் என்னோடு வாதாடவில்லை. மறுநாள் பூட்டைக் கழற்றிப் பழைய கம்பி வளையத்தை மாட்டியவர் அவர்தான். வைகாசி முடியும்வரை அந்தக் கல்லில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.