ஆற்றை நம்பிய கணக்கு

கதை கேட்க வந்த கண்ணுகளா, மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொள்ளுங்கள். முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் செவத்தியான் என்றோர் ஓடக்காரன் இருந்தான். கணக்கில் புலி என்று ஊர் சொல்லும். ஊரைவிட அதிகமாக அவனே சொல்லிக்கொள்வான்.

ஒருநாள் விடியலில் அவனுடைய ஒரே மகள் வள்ளிக்கொடியைப் பாம்பு தீண்டியது. அந்த விஷம் ஏறினால் உயிர் மூன்று சாமம்தான் தாங்கும்; உடம்பை அசைத்துத் தூக்கிப்போனால் அதுவும் தாங்காது. விஷ வைத்தியரோ, ஆறு வரும் திசையில் மூன்று காதத்துக்கு அப்பால் இருந்தார்.

மைத்துனன் கருமலை வண்டியைப் பூட்டிக்கொண்டு ஓடி வந்தான். "மச்சான், ஏறுங்க! ஒன்றரைச் சாமத்துல போய், ஒன்றரைச் சாமத்துல கூட்டியாந்துடலாம்."

இருவருக்கும் பழைய மனத்தாங்கல். செவத்தியானுக்கு வீம்பு விடவில்லை. "என் ஓடம் எதிர்நீரில் சாமத்துக்கு ஒரு காதம் போகும். திரும்பும்போது மூன்று காதம் வரும். கூட்டினால் நாலு, பாதி இரண்டு. உன் மாடும் சாமத்துக்கு இரண்டு காதம்தானே? உன் தயவு எதுக்கு? என்னை மீறிப் போனால் இந்த வாசலை மிதிக்காதே!"

அட மடையா! பாதியாக்கத் தெரிந்தது, வழியின் எந்தப் பாதி எவ்வளவு நேரம் தின்னும் என்று பார்க்கத் தெரியவில்லையே!

முதல் காதம் முடிய ஒரு சாமம் போயிற்று. "திரும்பும்போது பிடித்துவிடுவேன்" என்றான். இரண்டாம் காதத்தில் உச்சிப்பொழுது வந்தது. "திரும்பும்போது பிடித்துவிடுவேன்" என்றான். மூன்றாம் காதத்தில் உள்ளங்கை கிழிந்து ரத்தம் துடுப்பில் வழிந்தது. அப்போதும் அதையேதான் முனகினான்.

மருந்துப் பையைத் தோளில் மாட்டியபடி வைத்தியர் கேட்டார்: "எப்போது கடித்தது?"

"விடியலில், ஐயா."

வைத்தியர் மேற்கே சாய்ந்த சூரியனைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "மூன்று சாமமும் இங்கே வந்து சேரவே போய்விட்டதே, அப்பா. இனிப் பறந்தாலும் என்ன பயன்?"

செவத்தியான் அவர் காலில் விழுந்து கதறினான். மனசு கேட்காமல் அவரும் ஓடத்தில் ஏறினார். ஆறு அவன் சொன்ன கணக்குப்படியே சாமத்துக்கு மூன்று காத வேகத்தில் இழுத்தது. அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்க அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தி மங்கும்போது கரை தெரிந்தது. ஒப்பாரி அதற்கு முன்பே கேட்டது. வாசலில் கருமலையின் வண்டி, பூட்டிய மாடு அவிழ்க்கப்படாமல், காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

மெதுவாய்ப் போன வழி தின்றுவிட்ட நேரத்தை, விரைந்து வரும் வழி ஒருநாளும் திருப்பித் தராது.